ஓராண்டு அறிவிப்பு: பள்ளி மூடலின் மொழியும் நாடகத் தமிழாக்கமும்

1. முன்னுரை

ஆசிரியத் தொழிலுக்கும் தமிழ் நாடகத்துக்கும் உள்ள உறவு நெடியது. திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாட்டு ஒன்றை முதலாகக் கொண்டு 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய பரிதிமாற்கலைஞர் நாடகத்துக்கு இலக்கணமே வகுத்தார். நாடகம் செய்தவர் ஆசிரியராக இருந்தபோதிலும், ஆசிரியரே மாந்தராகவும் பள்ளியே களமாகவும் அமைந்த நாடகங்கள் அரியனவே. பள்ளி ஒன்றின் முடிவையே கதையாகக் கொண்டவை அவற்றினும் அரியன. அவ்வகையில் சிகாகோ நகர நாடகாசிரியர் ஐக் ஹோல்ட்டரின் ‘எக்ஸிட் ஸ்ட்ராட்டஜி’ மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்க ஒன்றாகும்.

இந்நாடகம் ஒரு பள்ளி மூடப்படுவதைப் பற்றியது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. நுணுகி நோக்கின், அது மூடலைப் பற்றியதன்று. மூடப்போவதாக அறிவிப்பதற்கும் மூடுவதற்கும் இடைப்பட்ட ஓராண்டைப் பற்றியதாகும். அவ்வோராண்டில் யார் எச்சொல்லால் பேசுகின்றனர் என்பதே அதன் நிகழ்ச்சி. ஆங்கிலம் மறைத்து வைக்கும் சில வேறுபாடுகளைத் தமிழ் இலக்கணம் வெளிப்படையாகச் சொல்லுமாறு வற்புறுத்துகிறது. ஆதலின் இந்நாடகத்தைத் தமிழாக்குவது இழப்பு மட்டுமே தரும் முயற்சியன்று என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நாடகமும் அதன் பின்புலமும்

2013ஆம் ஆண்டு மே மாதம் சிகாகோ கல்வி வாரியம் 50 பொதுப்பள்ளிகளை மூட முடிவு செய்தது. அமெரிக்க வரலாற்றில் ஒரே முறையில் நிகழ்ந்த மிகப்பெரிய பள்ளி மூடல்களுள் அது ஒன்று. பாதிக்கப்பட்ட மாணவருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அடுத்த ஆண்டே, 2014இல், அந்நகரின் ஜாக்கலோப் அரங்கில் இந்நாடகம் முதன்முதலாக மேடையேறியது. 2016இல் நியூயார்க்கின் பிரைமரி ஸ்டேஜஸ் குழுவினரால் நடிக்கப்பெற்றது. ஹோல்ட்டருக்கு 2017இல் நாடகத்துக்கான விண்டம் கேம்பல் பரிசு கிடைத்தது. சிகாகோ மாநகராட்சியில் உள்ள வட்டங்கள் 50. அவற்றோடு 51ஆவதாக ஒரு வட்டத்தைக் கற்பித்து, அதனைக் களமாக்கி ஹோல்ட்டர் எழுதிய ஏழு நாடகங்களின் வரிசையில் இதுவும் ஒன்று.

டம்பிள்டன் என்னும் கற்பனை உயர்நிலைப்பள்ளி கதையின் களம். கல்வியாண்டு தொடங்கும் தறுவாயில், துணைத் தலைமையாசிரியராகிய இளைஞர் ரிக்கி, மூத்த ஆசிரியை பாமை அழைத்து, அவ்வாண்டின் இறுதியில் பள்ளி மூடப்படும் என்னும் செய்தியைத் தெரிவிக்கிறார். அவ்வுரையாடலுக்குப் பின் பாம் தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். எஞ்சிய ஆசிரியர்களாகிய அர்னால்டு, சேடி, லூஸ், ஜேனியா ஆகியோர் ஆசிரியர் ஓய்வறையில் அவ்வாண்டைக் கடத்துகின்றனர். லூஸ் ரிக்கியின் மறைவான காதலர். டானி என்னும் மாணவனின் துணிச்சல் ரிக்கியை நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து போராட்டத்தின் பக்கம் கொண்டுவருகிறது. ஆயினும் பள்ளி காப்பாற்றப்படவில்லை.

3. அறிவித்தல் என்னும் செயல்

சில கூற்றுகள் ஒரு செய்தியைச் சொல்வனவல்ல, சொல்வதனாலேயே ஒரு செயலை நிகழ்த்துவன என்பதை மெய்யியலார் ஆஸ்டின் தெளிவாக்கினார். நீதிபதியின் தீர்ப்பும் அரசின் ஆணையும் அத்தகையன. ஆனால் அவற்றைச் சொல்பவர் அதற்குரிய தகுதி உடையவராக இருத்தல் வேண்டும். டம்பிள்டன் பள்ளியை மூடும் தகுதி உடையோர் ஒருவரும் மேடைக்கு வருவதில்லை. ரிக்கி செய்வது ஆணையன்று. பிறர் ஆணையை எடுத்துரைத்தல் மட்டுமே. பழந்தமிழ் மரபில் கூறுவதாயின் அவர் தூதர், அரசர் அல்லர். ஆயினும் அச்சொல் அவர் வாயினின்றே பிறப்பதால், கேட்பவர்க்கு அவரே மூடியவராகிறார். சொன்னவரும் செய்தவரும் ஒருவராகிவிடும் இம்மயக்கமே நாடகத்தின் முதற்காட்சியை இயக்குகிறது.

இங்கு ஆங்கிலத்தின் ‘நாம்’ என்னும் தன்மைப் பன்மை பெரும்பணி ஆற்றுகிறது. அம்மொழியில் அது ஒரே சொல். ரிக்கி அதனைப் பயன்படுத்தும்போது நிர்வாகத்தைக் குறிக்கிறாரா, கேட்கும் ஆசிரியையையும் உளப்படுத்துகிறாரா என்பது தெளிவாவதில்லை. அத்தெளிவின்மை அவருக்கு ஒரு புகலிடம். தமிழில் இப்புகலிடம் இல்லை. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் புறத்தே நிற்கிறார். ‘நாம்’ என்றால் அகத்தே வருகிறார். மலையாளத்திலும் ‘ஞங்ஙள்’, ‘நம்மள்’ என இவ்வேறுபாடு உண்டு. எனவே மொழிபெயர்ப்பாளர் முதற்காட்சியிலேயே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ரிக்கி தொடக்கத்தில் ‘நாங்க’ என்றே பேசி, டானியுடன் உரையாடிய பின்னரே ‘நாம’ என்னும் சொல்லுக்கு வருவாராயின், மூலத்தில் செயல்களால் உணர்த்தப்படும் பக்க மாற்றம் தமிழில் ஓரெழுத்து வேறுபாட்டால் உணர்த்தப்படும். வேறு வகையிலும் இதனை அமைக்கலாம். முதற்காட்சியிலேயே ரிக்கி ‘நாம’ என்று குழைந்து பேச, பாம் ‘நீங்க’ என்று அதனை வெட்டிவிடுவதாகக் கொள்ளின் அக்காட்சியின் கசப்பு மேலும் கூர்மையுறும். இரண்டினுள் எது ஏற்றது என்பது இயக்குநரோடு கலந்து முடிவு செய்யத்தக்கது. இரண்டையும் வேறுபாடின்றிக் கலந்து எழுதுவதே பிழை.

வினை வடிவமும் இத்தகையதே. ‘பள்ளி மூடப்படுகிறது’ என்னும் செயப்பாட்டுவினை எழுத்துத் தமிழுக்கும் அலுவலகத் தமிழுக்கும் உரியது. பேச்சுத் தமிழ் அதனைப் பெரும்பாலும் விலக்குகிறது. பேச்சில் ‘மூடறாங்க’ என்பதே வழக்கு. இவ்விரண்டும் செய்பவரைப் பெயரிட்டுச் சொல்வதில்லை. எனினும் ‘மூடப்படுகிறது’ என்பதில் செய்பவர் இல்லாமலே போகிறார். ‘மூடறாங்க’ என்பதில் பெயர் தெரியாத எவரோ இருக்கிறார். அந்த எவரோ என்பவரின் மீது சினம் கொள்ள இயலும். ஆகவே ரிக்கியின் முதல் அறிவிப்பு ‘மூடப்படுகிறது’ என்றும், ஓய்வறையின் பேச்சு ‘மூடறாங்க’ என்றும் அமைவது பொருத்தமுடையது.

4. குறுக்கீடும் சொற்றொடர் அமைப்பும்

ஹோல்ட்டரின் உரையாடல் விரைவு மிக்கது. ஒருவர் பேச்சை முடிக்குமுன் மற்றவர் குறுக்கிடுவது அதன் இயல்பு. இதனைத் தமிழாக்குவதில் சொற்றொடர் அமைப்பு தொடர்பான சிக்கல் ஒன்று எழுகிறது. ஆங்கிலத்தில் வினையும் எதிர்மறையும் தொடரின் முற்பகுதியிலேயே வந்துவிடுகின்றன. ஆகவே பாதியில் அறுபட்ட தொடரும் ஏறத்தாழ முழுப்பொருளைத் தந்துவிடுகிறது. தமிழில் பயனிலை இறுதியில் நிற்பது. தொடர் அறுபடும்போது காலமும் எதிர்மறையும் அதனோடு அறுபடுகின்றன.

எடுத்துக்காட்டாக, ‘பள்ளிக்கூடத்த மூட’ என்ற அளவில் ஒருவர் பேச்சு வெட்டுப்பட்டால், அதனை அடுத்து வரவிருந்தது ‘போறாங்க’ என்பதா, ‘மாட்டாங்க’ என்பதா, ‘விடமாட்டோம்’ என்பதா என்று கேட்பவர் அறியார். அழிவும் நம்பிக்கையும் எதிர்ப்பும் ‘மூட’ என்னும் ஒரே எச்சத்தில் தொக்கி நிற்கின்றன. மூலத்தில் இல்லாத இத்தொக்கு நிலை தமிழுக்குக் கிடைக்கும் ஊதியமாகும். ஓராண்டு முழுதும் முடிவு தெரியாமல் காத்திருக்கும் மாந்தர்க்கு முடிவு பெறாத எச்சத்தைக் காட்டிலும் பொருத்தமான வடிவம் வேறில்லை எனலாம்.

எனினும் எல்லா இடத்தும் இவ்வாறு செய்தல் கூடாது. பொருள் விளங்கியே ஆகவேண்டிய குறுக்கீடுகளில் பேச்சுத் தமிழின் மற்றொரு இயல்பைப் பயன்கொள்ளலாம். ‘மூடப்போறாங்க, நம்ம பள்ளிக்கூடத்த’ என வினையை முன்னிறுத்திப் பெயரைப் பின்னே தள்ளும் வழக்கு, சினத்திலும் பதற்றத்திலும் எவர் பேச்சிலும் கேட்கக்கூடியது. அச்சுத்தமிழ் நெறிக்கு அஞ்சி இதனை விலக்குவோர் மேடைத்தமிழை உயிரற்றதாக்கிவிடுவர்.

5. மூடலின் அலுவலகச் சொற்கள்

போராட்டத்தின் சொற்களைத் தமிழில் தேடுவது எளிது. தேட வேண்டியவை அறிவிப்பின் சொற்களே. அவை அகராதியில் அல்ல, அரசாணைகளிலும் கல்வி அலுவலகங்களிலும் உள்ளன. தமிழ்நாட்டில் மாணவர் எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஆசிரியர் ‘உபரி ஆசிரியர்’ எனப்படுகிறார். அவரை வேறு பள்ளிக்கு அனுப்புவது ‘பணி நிரவல்’ எனப்படுகிறது. நிரவுதல் மேடுபள்ளம் உள்ள நிலத்தைச் சமன்செய்வதைக் குறிக்கும் சொல். உழவரின் நல்ல சொல் ஒன்று ஆசிரியரை இடம்பெயர்க்கும் செயலுக்கு மென்மை பூசுகிறது. பள்ளி மூடல் என்பது ‘இணைப்பு’ என்று வழங்கும்போதும் இவ்வாறே நிகழ்கிறது.

கேரளத்தின் சொற்கள் வேறு வகையின. மாணவர் குறைந்த பள்ளி அங்கே ‘அனாதாயகரம்’ எனப்படுகிறது. ஆதாயம் தராதது என்பது அதன் பொருள். ஆதாயம் தமிழிலும் வணிகச்சொல்லே. வகுப்புப் பிரிவு குறைவதனால் பணியிடம் போவதை ‘டிவிஷன் ஃபால்’ என்றே ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அவ்வாறு இடமிழந்தும் அரசால் காக்கப்படுபவர் ‘சம்ரக்ஷித அத்தியாபகர்’ ஆகிறார். தமிழ்நாட்டுச் சொற்கள் மூடலைச் சமன்செய்தலாகக் காட்ட, கேரளச் சொற்கள் அதனை இலாப நட்டக் கணக்காகக் காட்டுகின்றன. மொழிபெயர்ப்பு எந்நகர மேடைக்குரியது என்பதைப் பொறுத்துச் சொல் தெரிவு மாறவேண்டும். மலையாளத்தோடு தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் வழங்கும் மட்டாஞ்சேரியை உள்ளடக்கிய கொச்சியில், தேவராவிலோ வேறிடத்திலோ நடிப்பதற்கான தமிழ்ப் பனுவலில் ‘பணி நிரவல்’ அந்நியமாக ஒலிக்கும். ‘அனாதாயகரம்’ அவையோரை உடனே சுடும்.

மூடுதல் என்னும் வினைக்கே இருமொழிகளிலும் வேறுவேறு நிழல்கள் உள்ளன. தமிழில் நாள்தோறும் மாலையில் பள்ளி ‘விடுகிறது’. கோடையில் ‘லீவு விடுகிறார்கள்’. நிலையாக நின்றுபோனால் மட்டுமே ‘மூடுகிறார்கள்’, சினந்து சொன்னால் ‘இழுத்து மூடுகிறார்கள்’. மலையாளத்தில் கோடை விடுமுறைக்கும் பள்ளி ‘பூட்டி’ என்றும் ‘அடச்சு’ என்றும் சொல்லும் வழக்குண்டு. நிலையான மூடலுக்கும் அவ்வினைகள் இணைந்து ‘அடச்சுபூட்டல்’ என வருகின்றன. ஆகவே கேரள மேடையில் கல்வியாண்டின் கடைசி நாள் இயல்பாகவே இருபொருள் பெறும். சூன் மாதத்தில் திறப்பதற்காக ஆண்டுதோறும் பூட்டிய பள்ளி, இவ்வாண்டு திறவாமற்போவதற்காகப் பூட்டுகிறது. வினை ஒன்றே, பயன் வேறு.

6. ஓராண்டு என்னும் கால அளவு

நாடகத்தின் ஓராண்டுக் கால அமைப்பு கேரளத்தாருக்குப் புதியதன்று. இலக்கியத் திறனாய்வாளரும் ஆசிரியருமான ஜோசப் முண்டசேரி, 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் கல்வி அமைச்சராகக் கொண்டுவந்த கல்வி மசோதா, குடியரசுத் தலைவரால் உச்சநீதிமன்றத்தின் கருத்துக்கு விடப்பட்டு, திருத்தங்களுடன் 1959இல் சட்டமாயிற்று. பின்னாளில் 1971இல் அமைந்த கொச்சிப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் அவர் விளங்கினார். அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு, மேலாளர் ஒருவர் தம் பள்ளியை மூடக் கருதினால், மே 31ஆம் நாள் முடிவுறும் ஓராண்டு அறிவிப்பு தருதல் வேண்டும் என்கிறது. ஆசிரியரையும் மாணவரையும் காக்கும் பொருட்டு வகுக்கப்பட்ட ஓராண்டு அது. அதே ஓராண்டு ஹோல்ட்டரின் நாடகத்தில் வதையாக மாறுகிறது. காலம் தருவது கருணையா கொடுமையா என்னும் வினா, சட்டத்திலும் நாடகத்திலும் ஒருங்கே எழுவது நோக்கத்தக்கது.

கோழிக்கோட்டின் மலாப்பறம்பு உதவிபெறும் பள்ளியில் நிகழ்ந்ததும் இங்கு ஒப்பிடத்தக்கது. 2014 ஏப்ரலில் அப்பள்ளிக் கட்டடம் இரவோடிரவாக இடிக்கப்பட்டது. ஊரார் அவ்வாண்டே அதனை மீண்டும் எழுப்பினர். வழக்கு மூடலுக்குச் சார்பாக முடிந்த பின்னர், 2016இல் கேரள அரசு அதனையும் அதுபோன்ற வேறு மூன்று பள்ளிகளையும் தானே ஏற்க முடிவு செய்தது. ‘அடச்சுபூட்டல்’ என்ற சொல் நின்ற இடத்தில் ‘ஏற்றெடுக்கல்’ என்ற சொல் வந்து நின்றது. சிகாகோவிலும் டயட் உயர்நிலைப்பள்ளிக்காகப் பெற்றோரும் பிறரும் 2015இல் 34 நாள் உண்ணாநோன்பு மேற்கொள்ள, 2016இல் அப்பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. மெய்வாழ்வில் சிலபோது மாறும் முடிவு நாடகத்தில் மாறவில்லை. காசர்கோட்டுக் கன்னடவழிப் பள்ளி ஒன்றின் மூடலைப் பொருளாகக் கொண்டு 2018இல் ரிஷப் ஷெட்டி இயக்கிய கன்னடத் திரைப்படமோ, நகைச்சுவையும் நீதிமன்றமும் கொண்டு பள்ளியை மீட்டுத் தருகிறது. சிறுபான்மை மொழியினர்க்குத் தொடக்கக்கல்வி தாய்மொழியில் கிடைக்கச் செய்யும் கடப்பாட்டை அரசமைப்பின் 350அ உறுப்பு கூறுவதால், அங்கு முறையிடுவதற்கு ஓரிடம் இருக்கிறது. டம்பிள்டன் ஆசிரியர்க்கு அத்தகைய இடம் ஒன்றும் மேடையில் காட்டப்படவில்லை.

7. மெய்ப்பாட்டு நோக்கு

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் கூறுவார். இந்நான்கும் இந்நாடகத்தில் உள. மாணவர்க்கு வேண்டிய பொருள்கள் இல்லாமை வறுமை. பாமின் மறைவு இழவு. பயனற்றோர் என நகரம் தம்மைக் கருதுவதை ஆசிரியர் உணர்வது இளிவு. ஆயினும் நாடகத்தின் மையம் அசைவே. முன்னிருந்த நல்ல நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துதல் அசைவு எனப்படும். மேடையில் பெரும் அழுகையாக வெளிப்படுவது இழவு. அசைவு அடங்கிய தன்மையது. தமிழ் மேடை மரபு இழவைப் பெருக்கிக் காட்டப் பழகியது. பாமின் முடிவை மையமாக்கி, அவலத்தை உரக்கப் பாடும் தமிழாக்கம் அவையோரைக் கலங்க வைக்கலாம். ஆனால் மூலத்தின் மெய்ப்பாடு அதுவன்று. நாடகம் எள்ளல் வழிப் பிறக்கும் நகையைப் பெரிதும் கையாள்வதன் காரணமும் இதுவே. அசைவுற்றோர் தம் நிலையை மறைக்கச் சிரிக்கின்றனர்.

8. விளியும் பெயரும் தலைப்பும்

மூலத்தில் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் இயற்பெயரால் அழைக்கின்றனர். தமிழ்நாட்டு ஓய்வறையில் ‘சார்’, ‘டீச்சர்’, ‘மேடம்’ என்பனவும், கேரளத்தில் ‘மாஷே’, ‘டீச்சரே’ என்பனவும் இன்றிப் பேச்சு நடவாது. வயதில் இளைய துணைத் தலைமையாசிரியர் மூத்த ஆசிரியையிடம் பேசும்போது பதவி ஒரு பக்கமும் வயது மறுபக்கமும் இழுக்கின்றன. தமிழில் இருவரும் ஒருவர்க்கொருவர் ‘நீங்க’ என்பர். எனினும் ‘ரிக்கி சார்’ என்று பாம் சொல்வதில் ஏளனமும், ‘டீச்சர்’ என்று ரிக்கி சொல்வதில் அச்சமும் ஒலிக்க இடமுண்டு. ரிக்கியும் லூசும் தனித்திருக்கையில் ‘நீ’ என்றும், பிறர் வந்ததும் ‘சார்’ என்றும் மாறுவது, அவர்தம் உறவின் மறைவைக் கூடுதல் விளக்கமின்றியே காட்டிவிடும்.

பெயர்களைப் பொறுத்தவரை தமிழ் மேடைக்கு இருவழிகள் தெரிந்தவை. பம்மல் சம்பந்த முதலியார் ஹேம்லட்டை அமலாதித்யனாக்கியது ஒன்று. பெயர்களை அவ்வாறே வைப்பது மற்றொன்று. ‘டம்பிள்டன்’ என்னும் பெயரில் சரிந்து விழுதல் என்னும் பொருள் ஒளிந்துள்ளது. தமிழ்ப்பெயர் ஒன்றில் அப்பொருளை ஏற்ற முயல்வது செயற்கையாய் முடியும். பெயரை விடுத்து உரையாடலில் ஓரிடத்தில் அப்பொருளைத் தொட்டுச்செல்வதே தக்கது.

தலைப்பே பெருஞ்சிக்கல். ‘எக்ஸிட் ஸ்ட்ராட்டஜி’ என்பது படைத்துறையிலும் வணிகத்திலும் வழங்கும் தொடர். போரிலிருந்தோ முதலீட்டிலிருந்தோ இழப்பைக் குறைத்து வெளியேற வகுக்கும் திட்டத்தைக் குறிப்பது. அதன் முதற்சொல் மேடையினின்று மாந்தர் நீங்குவதைச் சுட்டும் நாடகக் குறிப்பும் ஆகும். ‘வெளியேறும் உத்தி’ முதற்பொருளை மட்டும் தரும். ‘விலகல்’ மென்மையானது. ‘வழி’ என்னும் சொல்லை உட்கொண்ட தலைப்பு, வெளியேறும் வாயிலையும் தப்பும் உபாயத்தையும் ஒருங்கே தரவல்லது. மேடை நீங்கல் என்னும் பொருளைக் காட்சிக் குறிப்புகளில் பேண முயல்வதே இயலக்கூடியது.

9. நாடகத்தின் குறைபாடு

இந்நாடகத்தின் சிறப்புகளைக் கூறும்போது குறையையும் கூறுதல் வேண்டும். மாந்தர் அனைவரும் ஏறத்தாழ ஒரே விரைவோடும் ஒரே கூர்மையோடும் பேசுகின்றனர். முதிய அர்னால்டின் நடையும் இளைய ஜேனியாவின் நடையும் போதிய அளவு பிரியவில்லை. தனிமாந்தர் மொழி என மொழியியலார் கூறுவது இங்கு நாடகாசிரியரின் மொழிக்குள் அமிழ்ந்துபோகிறது. மற்றொரு குறை பொருள் பற்றியது. ஆசிரியர்கள் பள்ளிக்காகப் போராடும்போது விளம்பரத்தின் மொழியையே கைக்கொள்கின்றனர். தம்மை மூடுவோர் வைத்த பெயரை மறுத்து வேறு பெயர் வைக்க முயல்வதில்லை.

தமிழ்நாட்டு வரலாறு இதற்கு மாறான ஒன்றைக் காட்டுகிறது. 1953இல் இராசாசி அரசு ஊர்ப்புறப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் செய்யும் நோக்கில் கொண்டுவந்த திட்டம், அரசு ஏடுகளில் திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் எனப்பட்டது. எதிர்த்தோர் அதற்குக் ‘குலக்கல்வித் திட்டம்’ எனப் பெயரிட்டனர். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. இன்று மக்கள் நினைவில் இருப்பது எதிர்த்தோர் இட்ட பெயரே. பெயரிடும் உரிமையைக் கைப்பற்றுதல் போராட்டத்தின் பாதி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. டம்பிள்டன் ஆசிரியர் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம். நாடகாசிரியர் இதனை உணர்ந்து அமைத்தாரா என்பது ஐயத்துக்குரியது.

10. முடிவுரை

மொழிபெயர்த்தலை வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாகத் தொல்காப்பியம் ஏற்றுள்ளது. வழிநூல் முதல்நூலின் நிழலன்று. தனக்குரிய நெறியும் உடையது. ‘நாங்கள்’, ‘நாம்’ என்னும் வேறுபாடு, முடிவு தொக்கி நிற்கும் எச்சம், செயப்பாட்டுவினைக்கும் பேச்சுவினைக்கும் உள்ள இடைவெளி, விளிச்சொற்களின் அடுக்கு ஆகியவை இந்நாடகத்துக்குத் தமிழ் தரக்கூடியவை. அவற்றுக்கு ஈடாக மொழிபெயர்ப்பாளர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அலுவலகத் தமிழை அழகுபடுத்தாமல் உள்ளவாறே மேடைக்குக் கொண்டுவருதல் அது. ‘நிரவல்’, ‘இணைப்பு’, ‘உபரி’, ‘அனாதாயகரம்’ ஆகியவற்றைச் செவிக்கினிய சொற்களால் பெயர்த்தால், பள்ளியை மூடுவோரின் வேலையை மொழிபெயர்ப்பாளரே செய்துகொடுத்தவராவார். அச்சொற்கள் ஓர் ஆசிரியரின் வாயில், அவரைப் பற்றியே, உரக்க ஒலிக்கும்போதுதான் அவற்றின் மென்மை கழன்று விழும்.